கட்டணம் இருப்பது எடுக்கிறவர் பக்கம்

டொராண்டோவில் இருக்கும் ஒருவர் சென்னைக்கு ஒரு போன் போடுகிறார்; அடுத்து யாழ்ப்பாணத்துக்கு ஒன்று. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர்க்கோட்டில் 400 கிலோமீட்டர்கூட இல்லை. டொராண்டோவில் இருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். ஆனால் ஏதாவது ஒரு காலிங் ஆப்பின் விலைப்பட்டியலைத் திறந்து பாருங்கள். இந்தியாவுக்கு நிமிடத்துக்கு ஓரிரு சென்ட் போட்டிருக்கும் இடத்தில், இலங்கைக்கு அதைப் போலப் பல மடங்கு போட்டிருப்பார்கள். அதே கம்பெனி, அதே ஆப், அதே இணையம், பேசுவதும் அதே தமிழ். விலை மட்டும் ஏன் மாறுகிறது? வெளிநாட்டுக்கு மலிவாகப் பேசுவது எப்படி என்று யோசிக்கிற எல்லாரும் "எந்த ஆப் நல்லது?" என்றுதான் ஆரம்பிக்கிறோம். கயிற்றைத் தப்பான முனையில் பிடிக்கிற கேள்வி அது. அழைப்பின் விலை பெரும்பாலும் எடுக்கிறவர் பக்கம்தான் முடிவாகிறது: அவர் நாட்டின் விதி, அவர் கையில் இருக்கும் போன், அவர் வீட்டு இணையம், தெரியாத எண்ணை எடுக்க அவருக்கு இருக்கும் தயக்கம். இந்த நான்கையும் பார்த்துவிட்டால், எந்த ஆப் என்பது கடைசியில் தானாக முடிவாகிவிடும்.

முதலில் தூரத்தைக் கணக்கில் இருந்து கழித்துவிடலாம். ஒரு காலத்தில் தூரத்துக்கு உண்மையாகவே விலை இருந்தது. 1927-ல் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ரேடியோ வழியாகப் பொதுமக்கள் பேச வழி பிறந்தபோது மூன்று நிமிடத்துக்கு 15 பவுண்டு வாங்கினார்கள். 1956-ல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் போட்ட முதல் டெலிபோன் கேபிள் ஒரே நேரத்தில் தாங்கியது வெறும் 36 அழைப்புகளை. அந்த 36 இடத்துக்கு இரண்டு கண்டங்களும் அடித்துக்கொண்டால் விலை ஏறத்தான் செய்யும். இப்போது நம் ஊர்க் கேபிள் ஒன்றைப் பாருங்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002-ல் ஐ2ஐ என்று ஒன்று போட்டார்கள். நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். நொடிக்கு 8.4 டெராபிட் கொண்டுபோகும் அளவுக்கு வடிவமைத்தது. பழைய கணக்கில் ஒரு போன் பேச்சுக்கு 64 கிலோபிட் ஒதுக்குவார்கள். வகுத்துப் பார்த்தால் சுமார் 13 கோடி பேச்சுகள் வருகின்றன. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.2 கோடி. கைக்குழந்தை உட்பட மொத்தத் தமிழ்நாடும் ஒரே நேரத்தில் சிங்கப்பூருக்குப் பேசினாலும், ஏட்டுக் கணக்குப்படி அந்த ஒரே கேபிளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும். கடலைத் தாண்டுவதற்கான செலவு இன்றைக்குச் சில்லறையில்கூடச் சேராது.

அப்படியானால் காசு எங்கே போகிறது? அந்தப் பக்க வாசலில். உங்கள் அழைப்பை அந்த நாட்டுக் கம்பெனி வாங்கி, தன் சந்தாதாரரின் போனில் மணி அடிக்க வைப்பதற்கு ஒரு கூலி கேட்கும். துறையில் அதை டெர்மினேஷன் சார்ஜ் என்பார்கள். நமக்குப் பழக்கமான சொல்லில் டோல்கேட். நெடுஞ்சாலையில் டோல்கேட்டுக்குப் பயந்து ஊருக்குள் புகுந்து போகிறவர்கள் உண்டு. போனுக்கு அந்த வசதி கிடையாது. அந்த எண் எந்தக் கம்பெனியிடம் இருக்கிறதோ, அந்தக் கம்பெனி கதவைத் திறந்தால்தான் மணி அடிக்கும். அழைக்கிற முனையில் பத்து ஆப் போட்டி போடலாம். எடுக்கிற முனையில் போட்டிக்கே இடமில்லை. போட்டி இல்லாத இடத்தில் விலையை யார் வைப்பார், யார் கட்டுப்படுத்துவார் என்பதுதான் இந்த மொத்தக் கதையும்.

இந்தியாவே இதற்கு நல்ல சாட்சி. 2002 மார்ச் முடிய, இந்தியாவில் வெளிநாட்டு அழைப்பு என்றாலே அது விதேஷ் சஞ்சார் நிகாம் என்ற ஒரே நிறுவனத்தின் வழியாகத்தான். மஞ்சள் போர்டு போட்ட எஸ்டிடி பூத்துக்குள் ரிசீவரைக் காதில் அழுத்தியபடி, கண்ணை மட்டும் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டரில் வைத்துக்கொண்டு பேசியவர்களுக்கு, அமெரிக்காவுக்கு ஒரு நிமிடம் ஐம்பது ரூபாய்க்கு மேல் போன காலம் நினைவிருக்கும். பாதிப் பேச்சு "சரி, வச்சிரட்டுமா" என்பதிலேயே கழியும். எதிர்ப்பக்கம் அமெரிக்கக் கம்பெனிகள் மற்ற நாடுகளின் வாசல்களில் நிகரமாகக் கட்டிய தொகை 1990-களின் நடுவில் ஆண்டுக்கு 5 பில்லியன் டாலரைத் தாண்டியது. பொறுத்துப் பார்த்த அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, 1997-ல் தன் கம்பெனிகள் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு உச்சவரம்பு போட்டது: பணக்கார நாடுகளுக்கு நிமிடத்துக்கு 15 சென்ட், நடுத்தர நாடுகளுக்கு 19, வருமானம் குறைந்த நாடுகளுக்கு 23. கவனியுங்கள், அது குறைத்த விலை! ஏழை நாட்டின் வாசலில் நிற்பதற்கு மட்டும் நிமிடத்துக்கு 23 சென்ட் என்பதே பெரிய தள்ளுபடியாக இருந்தது.

2002 ஏப்ரலில் இந்தியாவில் ஏகபோகம் போய்விட்டது. டோல்கேட் உடனே போகவில்லை. கிராமப்புற லேண்ட்லைன் நஷ்டத்தை ஈடுகட்ட என்று 2003-ல் ஒரு கட்டணம் கொண்டுவந்தார்கள். 2005-ல்கூட வெளிநாட்டில் இருந்து வரும் ஒவ்வொரு நிமிடத்தின் மேலும் அது மூன்று ரூபாய்க்கு மேல் உட்கார்ந்திருந்தது. படிப்படியாகக் குறைந்து 2008-ல்தான் ஒழிந்தது. அதன் பிறகு வாசல் கூலியைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வரையறுத்து வருகிறது: 2015-ல் 53 காசு, 2018 பிப்ரவரியில் 30 காசு, 2020 மே மாதத்தில் இருந்து 35 காசுக்கும் 65 காசுக்கும் நடுவே கம்பெனிகள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று விதி. 65 காசு என்பது அமெரிக்கக் காசில் ஒரு சென்ட்டுக்கும் கீழே. இந்தியாவுக்கு ஓரிரு சென்ட்டில் பேசலாம் என்று ஆப்காரர்கள் விளம்பரம் செய்வதில் அவர்களுடைய தாராளம் ஒன்றுமில்லை. டெல்லியில் ஒரு விதி கூலியைக் கட்டி வைத்திருக்கிறது. அந்த விலை அதன் நிழல்.

இலங்கைக்கு ஏன் அந்த விலை இல்லை என்பதற்கும் விடை வாசலில்தான் கிடக்கிறது. அங்கே 2004-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க நிதிச் சட்டம், நாட்டுக்குள் வருகிற, நாட்டில் இருந்து போகிற சர்வதேச அழைப்புகளின் மேல் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் தனியாக ஒரு வரி வாங்குகிறது. வாசல் கூலிக்கு மேல் வரியும் ஏறினால், பாரிஸின் லா ஷப்பலில் இருந்தோ லண்டனின் ஈஸ்ட் ஹாமில் இருந்தோ யாழ்ப்பாணத்துக்குப் பேசுகிறவர் அதைச் சுமந்துதான் ஆகவேண்டும். அமெரிக்காவில் நிலைமை நேர்மாறு. அங்கே மொபைலில் அழைப்பை எடுக்கிறவரும் தன் திட்டத்தில் இருந்து செலவழிப்பது பழைய வழக்கம். அதனால் வெளியில் இருந்து வருகிற அழைப்பிடம் பெரிய கூலி கேட்கவில்லை. அமெரிக்க லேண்ட்லைனுக்கும் மொபைலுக்கும் விலைப்பட்டியலில் ஒரே விலை இருப்பதும், அழைப்பவரே முழுக் காசும் கொடுக்கும் ஐரோப்பிய நாடுகளில் மொபைலுக்கு மட்டும் நெடுங்காலம் கூடுதல் விலை இருந்ததும் இதனால்தான். இந்தியாவும் 2003 மே மாதத்தில்தான் "அழைப்பவரே கட்டணம் தருவார்" என்ற முறைக்கு வந்தது. அதோடுதான் இன்கமிங் இலவசமானது, மிஸ்டு கால் என்ற கலையும் செழித்தது. எடுக்கிறவர் காசு கொடுக்கவேண்டாம் என்றால் அந்தக் காசு மறைந்துவிடாது. அழைக்கிறவர் தலையில் விடியும், அவ்வளவுதான்.

இந்த வாசல் சூத்திரத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஏமாந்தவர்களின் வரலாறு என்றால் அது காலிங் கார்டு வரலாறு. புலம்பெயர்ந்தவர்கள் வாழும் தெருக்களில் மளிகைக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் சரம் சரமாகத் தொங்கும். ஐந்து டாலர் கொடுத்து, வெள்ளிப்பூச்சை நாணயத்தால் சுரண்டி, உள்ளூர் எண்ணை அடித்து, நீளமான பின் எண்ணைப் போட்டால், இத்தனை நிமிடம் பேசலாம் என்று ஒரு குரல் சொல்லும். மலிவான அழைப்புகளைப் புலம்பெயர்ந்தோரை ஒட்டவைக்கும் சமூகப் பசை என்று மானுடவியலாளர் ஸ்டீவன் வெர்டோவெக் 2004-ல் எழுதியது இந்தக் கார்டுகளைக் கண்முன் வைத்துத்தான். பசை உண்மை, நிமிடக் கணக்குதான் பொய். அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி 2008-ல் சில கார்டு விற்பனையாளர்கள் மேல் வழக்குப் போட்டபோது, சோதித்துப் பார்த்த கார்டுகள் சொன்ன நிமிடங்களில் சராசரியாகப் பாதியளவுதான் தந்தன. இணைப்புக் கட்டணம், வாராந்திரப் பராமரிப்புக் கட்டணம், அரை நிமிடம் பேசினாலும் மூன்று நிமிடமாகக் கூட்டிப்போடும் கணக்கு என்று மீதியைத் தின்றுவிடும். கார்டு போய் ஆப் வந்த பிறகும் இந்தப் பழக்கம் சாகவில்லை. வாசல் கூலியை விடக் குறைந்த விலையை யாராவது எழுதியிருந்தால், மீதிக் காசை வேறு எங்கோ வாங்குகிறார்கள் என்று அர்த்தம். மலிவு விலையைப் பார்த்ததும் அந்த நாட்டின் வாசல் விலை என்ன என்று கேட்கிற பழக்கம் இருந்தால், பாதி ஏமாற்றை அங்கேயே பிடித்துவிடலாம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். வாட்ஸ்அப் இருக்கிறது, வாசலாவது கூலியாவது! 2015-ல் குரல், 2016-ல் வீடியோ என்று வந்ததில் இருந்து இரண்டு பக்கமும் இணையம் இருந்தால் போதும். எந்த டெலிபோன் கம்பெனியின் வாசலையும் தொடவேண்டாம். குரல் அழைப்பு நிமிடத்துக்கு ஒரு எம்பிகூடத் தின்னாது. தினம் 1.5 ஜிபி பேக் போட்டவருக்கு அது தூசு. முழுக்க ஒத்துக்கொள்கிறேன்: இரண்டு பக்கமும் ஸ்மார்ட்போனும் நல்ல இணையமும் இருந்தால் மேற்கொண்டு எதுவும் யோசிக்கவேண்டாம். ஆனால் அந்த "இருந்தால்" எடுக்கிறவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. பட்டன் போனை விட்டுக்கொடுக்காத பாட்டிக்கு வாட்ஸ்அப் இல்லை. ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தாலும் டேட்டாவை அணைத்துவைத்துவிட்டு, பேரன் வந்தால் மட்டும் போடுகிற தாத்தாக்கள் உண்டு. வங்கிக் கிளை, தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி வரவேற்பு மேசை, ஏர்லைன் அலுவலகம் எல்லாம் இன்றைக்கும் பெரும்பாலும் சாதாரண எண்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு ஊரில் யாருக்கோ நெஞ்சு வலி என்றால் பக்கத்து வீட்டு லேண்ட்லைனுக்கு அடிக்க வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எந்த ஆப்பில் ஸ்டிக்கர் அழகு என்பதல்ல. இலவச அழைப்பு சாதாரண அழைப்பின் தேவையைக் குறைத்திருக்கிறது, ஒழிக்கவில்லை. மிச்சம் இருப்பதோ மிகவும் அவசரமான, மிகவும் வயதான பகுதி.

வளைகுடா இந்த வாதத்துக்கு ஒரு சிக்கலைக் கொடுக்கிறது என்பதையும் மறைக்கவேண்டாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் தடை அழைக்கிறவர் பக்கம்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. அனுமதி பெற்ற ஆப்கள் வழியாகத்தான் பேசவேண்டும். 2018-ல் இதற்கென்று மொபைலுக்கு மாதம் 50 திர்ஹம், வீட்டு இணைப்புக்கு 100 திர்ஹம் என்று பேக் போட்டார்கள். விபிஎன் போட்டுத் தப்பிக்கலாம் என்று அறைத்தோழர் சொல்வார். குற்றம் செய்வதற்காக ஐபி முகவரியை மறைத்தால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று அந்நாட்டுச் சைபர் சட்டம் சொல்கிறது. மாதம் 50 திர்ஹத்தை மிச்சம் பிடிக்க அந்த வம்பை விலைக்கு வாங்குவது புத்திசாலித்தனம் ஆகாது. ஆனால் இங்கேயும் கதை முடிகிற இடத்தைப் பாருங்கள். துபாயில் இருப்பவர் போட்டிம் மாதிரி அனுமதி பெற்ற ஆப்பைப் போட்டுவிட்டால் மட்டும் போதாது. ராமநாதபுரத்தில் இருக்கும் அம்மாவின் போனிலும் அது ஏறியிருக்கவேண்டும், அதை எடுக்க அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். தடை இந்தப் பக்கம் இருந்தாலும் தீர்வு அந்தப் பக்கத்தையும் கேட்டுத்தான் வருகிறது.

இன்னொரு ஆட்சேபம் நாட்டு வருமானம் பற்றியது. வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர் பத்து சென்ட் கூடக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும், ஏழை நாட்டுக்கு டாலர் வருகிறதே என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பாகிஸ்தான் இதைச் சோதித்தே பார்த்தது. 2012-ல் வெளிநாட்டு அழைப்புகளை எல்லாம் ஒரே கூட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, 2 சென்ட் அளவில் இருந்த கூலியை 8.8 சென்ட் ஆக்கினார்கள். என்ன நடந்தது? முறையான வழியில் வந்த நிமிடங்கள் வெகுவாகச் சரிந்தன. கள்ள வழிகள் பெருத்தன. உயர்த்திய கூலியைக் கட்டவேண்டாம் என்று 2013-ல் எஃப்சிசி அமெரிக்கக் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. 2014-ல் பாகிஸ்தான் அரசே திட்டத்தைக் கைவிட்டது. வாசலை உயர்த்தினால் ஜனம் சுவர் ஏறிக் குதிக்கும் என்பது கிராமத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் எவருக்கும் தெரிந்த சேதி. அதோடு, அந்தப் பத்து சென்ட்டைக் கொடுப்பவர் வெளிநாட்டுப் பணக்காரர் என்பதும் பாதி உண்மைதான். அவர் பெரும்பாலும் அந்நாட்டுத் துப்புரவுப் பணியாளர், கட்டடத் தொழிலாளி, அகதி. ஊருக்கு அனுப்பவேண்டிய காசில் இருந்துதான் அது கழிகிறது.

மோசடி பற்றிய ஆட்சேபம்தான் இருப்பதில் கனமானது. அழைப்பு மலிவாக மலிவாக, மோசடிக்காரனுக்கும் அது மலிவுதானே? உண்மை. ஆயிரம் பேருக்கு அடித்து ஒருவரை மாட்டவைக்கிற தொழில், நிமிடம் ஐம்பது ரூபாய் இருந்த காலத்தில் நடந்திருக்காது. இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் ஒரு தடுப்பு முறையைத் தொடங்கியபோது, வெளிநாட்டில் இருந்து வந்துகொண்டே இந்திய எண் போல வேஷம் போட்ட சுமார் 1.35 கோடி அழைப்புகளை 24 மணி நேரத்தில் தடுத்ததாக அறிவித்தது. அதே சமயம், மோசடியின் பெரிய கிளைகள் சில முளைப்பது விலை உயர்ந்த வாசல்களில்தான். ஒரே ஒரு மணி அடித்துவிட்டுத் துண்டித்து, நீங்கள் திரும்ப அடிக்கக் காத்திருக்கும் தூண்டில் அழைப்பு எந்த எண்ணில் இருந்து வரும்? வாசல் கூலி கொழுத்த எண்ணில் இருந்து. அந்தக் கூலியில்தான் அவர்களுக்குப் பங்கு. அமெரிக்கா, கனடாவுக்கு மட்டும் உரியது என்று நாம் நினைக்கும் +1 குறியீட்டுக்குள்ளேயே ஜமைக்காவின் 876-ம் டொமினிக்கன் குடியரசின் 809-ம் இருக்கின்றன. பார்க்க அமெரிக்கா, பில்லில் கரீபியன். வாடகை வீட்டில் நூற்றுக்கணக்கான சிம்களைச் செருகிவைத்து வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பாக மாற்றும் சிம் பாக்ஸ் கும்பலும், வெளிநாட்டுக் கூலிக்கும் உள்ளூர்க் கூலிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைத் தின்று வாழ்வதுதான். அதனால் மோசடிக்கு மருந்து விலையை ஏற்றுவதில் இல்லை. அழைக்கிறவர் யார் என்பதைச் சரிபார்ப்பதில் இருக்கிறது.

ஆக, எந்த வரிசையில் யோசிக்கலாம்? முதலில் ஊரில் இருப்பவரின் கையைப் பாருங்கள். ஸ்மார்ட்போனும் தடையில்லாத இணையமும் இருந்தால் ஏற்கெனவே அவருக்குப் பழக்கமான ஆப் எதுவோ அதுதான் சிறந்த ஆப். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுத்து மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. இணையம்தான் குறை என்றால், உங்கள் ஆப்புக்குக் கட்டுகிற சந்தாவை விட அவர் எண்ணுக்கு இங்கிருந்தே ஒரு டேட்டா ரீசார்ஜ் செய்துவிடுவது மலிவாக முடியும். பட்டன் போனோ லேண்ட்லைனோ என்றால் அந்த நாட்டின் வாசலைப் பாருங்கள். இந்தியா போல வாசல் மலிவான நாட்டுக்கு, நிமிடத்துக்கு நிமிடம் பணம் கழியும் ஆப் போதும். மாதச் சந்தா கட்டுவதற்கு முன்னால் மாதம் எத்தனை நிமிடம் உண்மையில் பேசுகிறீர்கள் என்று பில்லை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். இலங்கை போல வாசல் உயர்ந்த நாட்டுக்கு, நிமிட விலை எவ்வளவு, எத்தனை விநாடிக்கு ஒருமுறை கணக்கு ஓடுகிறது, இணைப்புக் கட்டணம் உண்டா, போட்ட பணத்துக்குக் காலக்கெடு உண்டா என்ற நான்கையும் கேட்டுவிட்டுத்தான் காசைப் போடவேண்டும். மொபைலுக்கும் லேண்ட்லைனுக்கும் தனித்தனி விலை இருந்தால் பெரியவர் வீட்டில் எது எந்நேரமும் பக்கத்தில் இருக்கிறதோ அதன் விலையைப் பாருங்கள். கடைசியாக, உங்கள் அழைப்பு அவர் திரையில் எந்த எண்ணாகத் தெரியும் என்று சோதித்துவிடுங்கள். தெரியாத எண்ணை எடுக்காதீர்கள் என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் நாம்தான். எடுக்காத அழைப்பைப் போல வீணானது வேறில்லை.

2003-ல் வந்து, வெளிநாட்டுப் பேச்சின் விலையையே உடைத்த ஸ்கைப் 2025 மே 5-ஆம் தேதி மூடப்பட்டது. ஸ்கைப்பில் ஆப்புக்கு ஆப் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. போய்ச் சேர வேறு பத்து இடம் இருந்தது. தேடி அலைந்தவர்கள், அதில் சில டாலர் போட்டுவைத்து ஊரில் உள்ள சாதாரண எண்ணுக்கு அடித்துக்கொண்டிருந்தவர்கள்தான். புதிதாகப் பணம் கட்டி அப்படி அடிக்கும் வசதி, ஸ்கைப் மூடியபோது அவர்களை அனுப்பிவைத்த டீம்ஸ் என்ற ஆப்பின் இலவச வடிவத்தில் இல்லை. ஒரே ஆப் மூடியதில் ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னொருவருக்கு வழி அடைபட்டது. இரண்டு பேர் கையிலும் இருந்தது ஒரே ஆப்தான். வித்தியாசம், எதிர்முனையில் மணி அடித்த போனில் இருந்தது.